மூவாயிரம் படத்துல வலைப் படம் எங்கே?



நான் பழவேற்காட்டுல மீன் விற்கிறவள். போன்ல படம் எடுக்கிறது எனக்கு ரொம்ப ஆசை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல எங்க வலை கிழிஞ்சதையும் எடுத்து வெச்சேன். கணக்கெடுக்க வந்தவங்க, "படம் இருக்காம்மா?"ன்னு கேட்டாங்க. காலை வணக்கப் படம், கல்யாணப் படம் எல்லாம் சேர்ந்து மூவாயிரம் இருந்துச்சு. தேடித் தேடி, கிடைக்கிறதுக்குள்ள அவங்க போயிட்டாங்க. தப்பு என் மேலதான்.

இப்போ ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்குறேன். வேண்டாததை அழிச்சிட்டு, மிச்சத்தை 'வலை, படகு', 'குழு', 'குடும்பம்'னு தனித்தனி ஆல்பத்துல போடுறேன். முக்கியமானதை மகள் போனுக்கும் அனுப்பிடுவேன். வாட்ஸ்அப்ல 'டாக்குமெண்ட்'டா அனுப்பினா படம் தெளிவு குறையாது.

எடுக்கும்போதும் கவனம் வேணும். உப்புக் காத்துல லென்ஸ் மங்கும். சுத்தமான துணியால துடைங்க. உச்சி வெயில்ல மீன் வெளுத்துத் தெரியும், காலையில எடுங்க. வலையை முதல்ல தூர நின்னு முழுசா, அப்புறம் கிட்டப் போய்க் கிழிசலை எடுங்க.

இது நமக்கு எட்டாத வித்தை இல்ல. 2022-ல் தயானிதா சிங் – பாரி ஆவணப் புகைப்பட விருது வாங்கிய பழனி குமார், மதுரையில மீன் விற்கிற அம்மாவோட பிள்ளை. நாகப்பட்டினத்து மீனவப் பெண்களுக்கும் அவர் புகைப்படம் எடுக்கக் கற்றுக்கொடுத்தார்.

குழுத் தீர்மானப் புத்தகத்தை எப்படிப் பத்திரமா வைக்கிறோமோ, அப்படியே படங்களையும் வைப்போம்.