கிரண்: பயிற்சி விமானம் ஒன்றின் வரலாறு

பெங்களூரில் வாழும் நம் அன்பர்களுள் பலர், விடுமுறை நாளொன்றில் குழந்தைகளை அழைத்துக்கொண்டு ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தின் விமானக் காட்சிச்சாலைக்குச் சென்றிருப்பர். 2001-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அவ்விடத்தில், போர் விமானங்களின் முன்னே எப்போதும் கூட்டம் நிற்கும். கூரிய மூக்கும் பின்சாய்ந்த இறக்கைகளும் கொண்ட மாருத் விமானத்தைக் கண்டதும் சிறுவர்களின் கால்கள் தாமாகவே நின்றுவிடும். ஆனால் மழுங்கிய மூக்கும் நேரான இறக்கைகளும் பூண்டு, தரையோடு ஒட்டினாற்போல் நிற்கும் கிரண் என்னும் சிறு விமானத்தின் அருகே வந்ததும், "இது வெறும் பயிற்சி விமானம்" என்று சொல்லிவிட்டுப் பெரியவர்கள் அப்பால் நகர்ந்துவிடுவர். நேயர்களே, இன்று நாம் அதன் அருகிலேயே சற்று நிற்போம்.

நம் விமானப்படை ஜெட் யுகத்தில் அடியெடுத்து வைத்தது 1948-இல், வாம்பயர் என்னும் பிரிட்டிஷ் விமானத்தைக் கொண்டு. அவ்விமானத்திற்கு இருவர் அமரும் பயிற்சி வடிவமும் இருந்தது. அதன் உடற்கூட்டின் முற்பகுதி மரப்பலகையால் ஆனது என்றால் இன்றைய இளைஞர்கள் நம்பமாட்டார்கள். ஆயினும் அது போர் விமானத்தைத் திருத்திச் செய்த பயிற்சி விமானமே. பயில்பவனுக்கென்றே தொடக்கத்திலிருந்து எண்ணி வரைந்த ஜெட் விமானம் ஒன்று தேவைப்பட்டது.

அப்பணியைப் பெங்களூர்த் தொழிற்சாலையில் ஏற்றவர் டாக்டர் வி. எம். காட்கே. ஜெர்மனியில் கட்டிங்கன் நகரில் பேராசிரியர் பிராண்டலிடம் காற்றியக்கவியல் பயின்றவர். பின்னர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் ஆசிரியராக இருந்தவர். 1951-இல் பறந்த எச். டி.-2 என்னும் விசிறி விமானமும் அவருடைய வடிவமைப்பே. மாருத் விமானத்தை வடிவமைக்க ஜெர்மனியிலிருந்து குர்ட் டாங்க் வரவழைக்கப்பட்டார் என்பதைப் பலரும் அறிவர். கிரண் விமானத்தை வரைந்தவர்களோ நம் நாட்டுப் பொறியாளர்கள். இதை ஏனோ நாம் அவ்வளவாகச் சொல்லிக்கொள்வதில்லை.

1964-ஆம் ஆண்டு செப்டம்பர் 4-ஆம் நாள், சுரஞ்சன் தாஸ் அவர்கள் கிரணை முதன்முதலாக வானில் செலுத்தினார். 1961-இல் மாருத்தின் முதற் பறப்பையும் நிகழ்த்தியவர் அவரே. 1970 ஜனவரியில் மாருத்தின் புதிய வடிவம் ஒன்றைச் சோதிக்கும்போது விபத்தில் அவர் உயிர் நீத்தார். கிரண் பறந்த அன்று தொழிற்சாலையின் பெயர் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் என்பது. அடுத்த மாதம் முதல் தேதியன்றுதான் அது ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் ஆயிற்று. முதல் விமானம் பழைய பெயரில் பிறந்தது. பின்வந்தவை புதிய பெயரைத் தாங்கின. பழைய விமானம் ஒன்றின் பூர்வோத்தரத்தை ஆராய்பவர்களுக்கு இத்தகைய சிறு செய்திகளே விளக்காக உதவுகின்றன.

கிரணின் உள்ளே எட்டிப் பார்த்தால் இரு இருக்கைகள் பக்கம் பக்கமாக அமைந்திருப்பது தெரியும். எச். டி.-2 விமானத்தில் அவை ஒன்றன்பின் ஒன்றாக இருந்தன. மாணவனின் கையை ஆசிரியர் காண முடியாது. கிரணில் பிடியை மாணவன் எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறான், கண் எந்தக் கருவியின்மேல் நிற்கிறது, முகம் எப்போது வெளிறுகிறது என்பதையெல்லாம் ஆசிரியர் அருகிலிருந்தே காண்பார். திண்ணைப் பள்ளியில் மாணவனின் விரலைப் பிடித்து மணலில் எழுத்தைப் பழக்கிய வாத்தியாரை நினைத்துக்கொள்ளலாம். இங்கே மணலுக்குப் பதிலாக மணிக்கு 600 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகம், அவ்வளவே வேறுபாடு. இருவருக்கும் மார்ட்டின்-பேக்கர் நிறுவனத்தின் வெளியேற்ற இருக்கைகள் உண்டு. 2023 ஜூன் முதல் தேதி சாமராஜநகருக்கு அருகே ஒரு கிரண் விழுந்து நொறுங்கியபோது, அதிலிருந்த இருவரும் அவ்விருக்கைகளால் உயிர் தப்பினர்.

முதற் பறப்பிலிருந்து விமானப்படைக்குக் கிரண் வந்து சேர ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் ஆயின. அதே தொழிற்சாலை மாருத்தையும் நாட் விமானத்தையும் சேர்த்துத் தாங்கவேண்டியிருந்த காலம் அது. 1968 முதல் கிரண் வரத் தொடங்கிய பின்னும் தேவைக்கு எட்டவில்லை. 1975-இல் போலந்து நாட்டிலிருந்து இஸ்க்ரா என்னும் பயிற்சி ஜெட் விமானங்களை வாங்க நேர்ந்தது. இருப்பினும் தொழிற்சாலை ஓயவில்லை. மூன்று வகைகளிலுமாக சுமார் 250 கிரண்கள் உருவாயின.

காட்சிக்கு நிற்கும் கிரண் இம்மூன்றில் எது என்பதை எவ்வாறு அறிவது? முதலில் குனிந்து இறக்கையின் அடிப்புறத்தைப் பாருங்கள். முதல் வகையில் ஆயுதம் தொங்கவிடும் கொக்கிகள் இல்லை. அதன் திருத்திய வடிவத்தில் இறக்கைக்கு ஒன்று வீதம் உண்டு. 1976-இல் முதன்முதலாகப் பறந்த இரண்டாம் வகையில் இறக்கைக்கு இரண்டு. மூக்குப் பகுதியில் துப்பாக்கிகளும் உண்டு. உள்ளிருக்கும் எஞ்சினும் வேறு. முதல் வகைக்கு வைப்பர்; இரண்டாம் வகைக்கு ஆர்ஃபியஸ். ஆர்ஃபியஸ் என்பது 1965-ஆம் ஆண்டுப் போரில் பெயர் பெற்ற நாட் விமானத்தின் எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்தது. போர்வீரனின் இதயத்தை வாத்தியாரின் மார்பில் வைத்தாற்போல எனலாம்.

ஆனால் கொக்கிகளைக் கழற்றிவிடலாம், எஞ்சினையும் எடுத்துவிடலாம். ஆகவே எண்தான் முக்கியம். கிரண் விமானங்களின் எண்ணுக்கு முன்னே 'யு' என்ற எழுத்து நிற்கும். அவ்வெண் அந்த ஒரு விமானத்திற்கே உரியது. வாழ்நாள் முழுதும் மாறாதது. அதனைக் கொண்டு ஏடுகளைத் தேடினால் எந்த ஆண்டில் பிறந்தது, எந்தப் பள்ளியில் பணி செய்தது, எத்தனை மணி நேரம் பறந்தது என்பன யாவும் வெளிப்படும். போர் விமானத்தின் ஏட்டில் போர்க்களம் இருக்கும். பயிற்சி விமானத்தின் ஏட்டிலோ பறந்த மணிகளும், தரையிறங்கிய எண்ணிக்கையும், மாற்றிய சக்கரங்களுமே நிறைந்திருக்கும். தவறாக இறக்கிய ஒவ்வொரு மாணவனின் அடியையும் தாங்கியது அதன் சக்கரக் கால்களே அன்றோ?

இங்கேதான் நம் மனத்தை உறுத்தும் செய்தி ஒன்று இருக்கிறது. வாயில்களிலும் பூங்காக்களிலும் நிறுத்தப்படும் விமானங்களுக்கு அவ்வப்போது புதுவண்ணம் பூசப்படுகிறது. பூசுகிறவருக்கு எண் என்பது ஓர் அலங்காரமே. ஓர் இலக்கம் மாறிப் போனால் அவருக்குக் குறைவில்லை. ஆனால் அவ்விமானத்தின் வாழ்க்கை முழுதும் இன்னொன்றின் கணக்கில் ஏறிவிடுகிறது. உலகெங்கும் இது நிகழ்கிறது. புகழ்பெற்ற போர் விமானமாயின் யாரேனும் ஆட்சேபிப்பர். பயிற்சி விமானத்திற்காக வாதாட யார் வருவர்? வண்ணத்தின் கீழே, உடற்கூட்டோடு பொருத்தப்பட்ட உலோகத் தகட்டில் தொழிற்சாலை பொறித்த எண் இருந்தால், அதுவே கடைசிச் சாட்சி. அதன்மேலும் வண்ணத்தைப் பூசிவிட்டால் தடயம் அறவே மறைந்துபோகும்.

வண்ணமும் ஏமாற்றும். சிவப்பும் வெள்ளையும் கண்டவுடன் இது சூர்ய கிரண் சாகசக் குழுவின் விமானம் என்று சொல்லிவிடுகிறோம். 1996-இல் பீதாரில் தோன்றிய அக்குழு, பின்னர் ஒன்பது கிரண்களைக் கொண்டு வானில் கோலமிட்டது. பயிற்சியின்போது உயிர்களையும் இழந்தது. 2009-இல் தொடக்கப் பயிற்சிக்குரிய தீபக் விமானங்கள் நிறுத்தப்பட்டபின், மாணவர்களுக்குக் கற்பிக்கப் போதிய விமானம் இல்லை. 2011-இல் குழு நிறுத்தப்பட்டு, அதன் கிரண்களும் பயிற்சிக்கே திரும்பின. கைதட்டல் கேட்ட விமானம் மறுபடியும் வகுப்பறைக்குச் சென்றது. 2015-இல் குழு மீண்டும் எழுந்தபோது அதன் விமானம் ஹாக். ஆகவே அத்தகைய கிரண் ஒன்றின் ஏட்டில், சாகசப் பக்கங்களுக்குப் பின்னும் மாணவர்களின் தரையிறக்கங்கள் இருக்கக்கூடும்.

தாம்பரத்தை விட்டு வந்து நெடுநாளான நம்மவர்களுக்கு ஒரு சொல். அங்குள்ள விமானப் பயிற்றுநர் பள்ளியில், கற்பிப்பவர்களுக்கே கற்பித்த விமானங்களுள் கிரணும் ஒன்று. காலையில் வீட்டுக் கூரைக்கு மேலே திரும்பத் திரும்பச் சுற்றிய அந்தச் சீழ்க்கை ஒலி பலருக்கு நினைவிருக்கும். அப்படிச் சுற்றியவற்றுள் ஒன்று இன்று நீங்கள் வாழும் ஊரிலேயே ஒரு பீடத்தின்மீது நிற்கக்கூடும். அடுத்தமுறை அவ்வழியே செல்லும்போது அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அருகே போக அனுமதி இருந்தால், தகடும் இருக்கிறதா என்று பாருங்கள்.