அறுவை வீதியில் அயலூரார்



'அறுவை' என்றதும் இன்று நமக்கு வைத்தியசாலைதான் நினைவுக்கு வரும். பழந்தமிழில் அது ஆடைக்குப் பெயர். அறுத்து எடுப்பதால் அறுவை. துணித்து எடுப்பதால் துணி. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்று சங்கப் புலவர் ஒருவரே இருந்திருக்கிறார். துணி விற்றுக்கொண்டே பாட்டும் பாடிய மனிதர்!

அந்த மதுரையின் அறுவை வீதியைச் சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையிலே காண்கிறோம். கண்ணகியைக் கவுந்தியடிகளிடம் விட்டுவிட்டுக் கோவலன் நகரைச் சுற்றிப் பார்க்கப் போகிறான். மணிகள் விற்கும் வீதி, பொன் விற்கும் வீதி, அடுத்துத் துணி விற்கும் வீதி. பருத்தி நூலாலும் மயிராலும் பட்டாலும் நெய்தவை நூற்றுக்கணக்கில் அடுக்கிக் கிடக்கின்றன. இக்காதைக்கு உரையெழுதிய அடியார்க்குநல்லார் 36 வகைத் துணிகளுக்குப் பெயர் சொல்கிறார். ஆனால், கோவலன் எதையேனும் வாங்கினான் என்று இளங்கோ சொல்லவில்லை. வாங்குவதற்கு அவனிடம் என்ன இருந்தது? மனைவியின் சிலம்புகள்தாம். புகாரிலே பெருவணிகன் மகன். மதுரையிலே கையிற் காசில்லாத அயலூரான். இப்பகுதியைப் படிப்பிக்கும்போதெல்லாம் அந்தத் துணிகளைவிட அவற்றைப் பார்த்துக்கொண்டு நடந்தவனையே நான் எண்ணிக்கொள்வதுண்டு.

ஏனெனில், நம்மவர் பலரும் அப்படியொரு வீதியில் நடந்தவர்கள்தாம். நமது அறுவை வீதி சென்னைத் தியாகராயநகரில் இருக்கிறது. ஒரு காலத்தில் தலைமன்னாரிற் கப்பலேறிப் போனோம். 2019 இல் பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் பறக்கத் தொடங்கியது. இடையில் நின்று 2022 இறுதியில் மீண்டும் பறந்தது. போகும் வழி மாறினாலும் போகும் காரணம் பெரும்பாலும் ஒன்றே: கூறை எடுக்க வேண்டும். தாலி கட்டுமுன் மணமகன் வீட்டார் கொடுக்க, மணமகள் உடுத்து வரும் பட்டுச் சீலை அது. அதன் கரையின் அகலத்தைச் சபையிலே அத்தனை கண்களும் அளக்கும். ஆகவே, காசில்லாதவனுக்கும் அதில் விலக்கில்லை.

காசு என்றதும் கணக்கு வருகிறது. 2022 ஆம் ஆண்டு நெருக்கடிக்குப் பின் ஓர் இந்திய ரூபாவுக்கு நாம் மூன்று ரூபாவுக்கு மேல் கொடுக்கிறோம். விலைச்சீட்டில் 15,000 என்றிருந்தால் நம் மனம் 50,000 ஐத் தாண்டிவிடும். சென்னைக்காரர் சீலையைப் பார்க்கும் நேரத்தில் நாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டு நிற்போம்.

இன்னொரு சங்கடம் மொழி. தமிழ் வழங்கும் நகரில் மொழி எப்படிச் சங்கடமாகும் என்று கேட்பீர்கள். 'சாரம்' வேண்டும் என்று நாம் கேட்டால், கட்டடம் கட்டுவோர் ஏறி நிற்கும் மரக்கட்டுமானம் அவர்களுக்கு நினைவு வரும். அவர்களுக்கு அது கைலி. நமது துவாய் அங்கே துண்டு. நாம் சட்டை என்பது பெண்பிள்ளைகளின் உடுப்பு. அவர்கள் சட்டை என்பது நமது சேர்ட். எல்லாவற்றிலும் மேலாக, 'பத்து வீதம் கழிவு உண்டோ?' என்று கேட்டுப் பாருங்கள். அவர்களுக்குத் தள்ளுபடி தெரியும். கழிவு என்றால் குப்பை. ஆடி மாதத்தில் நகரமெங்கும் 'ஆடித் தள்ளுபடி' என்று எழுதி வைத்திருப்பார்கள். வாய் திறந்த மறுகணம் 'சிலோனாம்மா?' என்ற கேள்வி வரும். அதில் அன்பும் உண்டு, விலையைப் பற்றிய ஒரு கணிப்பும் உண்டு என்பது என் எண்ணம்.

அக்காவின் மகனுக்குக் கூறை எடுக்கப் போனபோது நானும் கூடப் போயிருந்தேன். 15,000 இந்திய ரூபாதான் கூறைக்கென்று ஒதுக்கியிருந்தோம். விற்பனையாளர் கேட்ட முதற் கேள்வி, 'என்ன ரேஞ்சுல பாக்குறீங்கம்மா?'

அக்கா சொன்னார்: 'முதல்ல சீலையைக் காட்டுங்கோ தம்பி. விலையைப் பிறகு கதைப்பம்.'

தொகையைச் சொல்லியிருந்தால் அந்தத் தொகைக்குரிய அடுக்கை மட்டுமே விரித்திருப்பார்கள். சொல்லாததால் நாற்பதாயிரத்துச் சீலையும் எங்கள் முன்னே விரிந்தது. அக்கா அதைத் தொட்டுப் பார்த்தார், மறுபக்கம் திருப்பினார், உடலும் கரையும் பொருந்தும் இடத்தை விரலால் தடவினார். காஞ்சிபுரத்துத் தறியில் உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறொரு நிறமுமாகத் தனித்தனி நூல் ஓட்டிக் கோத்து நெய்வது பழைய முறை. கோர்வை என்பார்கள். இழுத்தாலும் பிரியாது. நல்லதை ஒருமுறை கைக்குக் காட்டிவிட்டால், பிறகு மலிவானதில் எது குறைகிறதென்று கை தானே சொல்லிவிடும் என்பது அக்காவின் கணக்கு.

எங்கள் தொகைக்குள் இறுதியில் நின்றவை இரண்டு. ஒன்று ஒரு சாண் அகலச் சரிகைக் கரை. தூரத்திலே நின்றாலும் மின்னும். ஆனால் அந்தச் சரிகை செப்புக் கம்பி, நாட்பட்டாற் கறுக்கும். மற்றது இரண்டு விரற்கடைக் கரைதான். ஆனால் பட்டு நூலின்மேல் வெள்ளி சுற்றிப் பொன்முலாம் இட்ட சரிகை. இரண்டிலும் பட்டுக்கான முத்திரைச் சீட்டுத் தொங்கியது. 2004 முதல் இந்தியாவில் வழங்கும் இம்முத்திரை, நூல் தூய பட்டு என்பதற்கு மட்டுமே உறுதி. சரிகையைப் பற்றியோ கைத்தறியைப் பற்றியோ அது பேசாது. இது தெரியாமல் சீட்டை மட்டும் பார்த்துக் காசு கொடுப்போர் பலர்.

சபையின் கண்ணுக்கு அகலக் கரை. பத்து ஆண்டு கழித்துப் பெட்டியைத் திறக்கப்போகும் பெண்ணுக்கு ஒடுங்கிய கரை. அக்கா நெடுநேரம் பேசவில்லை. 'கரை சின்னன் எண்டு ஆக்கள் கதைப்பினம்' என்று மெல்ல எனக்குச் சொன்னார். பிறகு விற்பனையாளரைப் பார்த்து, 'இந்தச் சின்னக் கரையைக் கட்டுங்கோ தம்பி' என்றார். 14,200 ரூபா.

மிச்சக் காசுடன் பழைய வண்ணாரப்பேட்டை எம். சி. ரோட்டுக்குப் போனோம். தியாகராயநகரின் குளிரூட்டிகள் அங்கே அவ்வளவாக இல்லை. கூலிக்காரரும் குடும்பத்தோடு வந்து துணி எடுக்கும் தெரு அது. சீலைகளை வாசலிலேயே கயிற்றில் தொங்கவிட்டிருப்பார்கள். இங்கே மறைக்கத் தொகையொன்றும் இல்லை. விலையை உரத்துக் கேட்கலாம், உரத்துக் குறைக்கலாம். உறவினருக்கென்று பருத்திச் சீலைகள் மூன்று எடுத்தோம்.

கடைசியாக ஒரு சிறு கடை வாசலில் நின்று, 'தம்பி, கைலி இருக்கோ?' என்று கேட்டார் அக்கா.

'சிலோனாம்மா?' என்றான் பையன்.