கையெழுத்து வாங்கியவர்களும் கணக்குச் சொல்லட்டும்

(ஹவுராவில் தமிழ் மாணவர்கள், பெற்றோர் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



இதே ஹவுராவில், ஷிப்பூரில் இருக்கிறது அந்தப் பழைய பொறியியல் கல்லூரி. 1856-ல் அக்கரையில் ரைட்டர்ஸ் பில்டிங்கில் தொடங்கி, 1880-ல் ஆற்றைத் தாண்டி இங்கே வந்தது. நம் பிள்ளைகள் அங்கேயும் படிக்கிறார்கள், ஜாதவ்பூரிலும் படிக்கிறார்கள். எந்தக் கல்லூரியானாலும் சேர்க்கை நாளில் ஒரு கட்டுக் காகிதத்தை நீட்டுகிறார்கள். உறுதிமொழிப் பத்திரம், நடத்தை விதிகள். பிள்ளை ஒரு கையெழுத்து, அப்பா ஒரு கையெழுத்து. உங்களில் எத்தனை பேர் படித்துப் பார்த்துவிட்டுப் போட்டீர்கள்? சிரிக்கிறீர்கள். அந்தச் சிரிப்பே எனக்குப் பதில்.

விதியே வேண்டாம் என்று சொல்ல நான் இந்த மேடை ஏறவில்லை. கையெழுத்து வாங்கியவர் எதற்குக் கட்டுப்பட்டவர் என்று அந்தக் கட்டில் ஒரு வரியாவது இருக்கிறதா என்று கேட்க வந்திருக்கிறேன்.

இந்த மண்ணில் நடத்தை விதிக்கு நீண்ட வரலாறு உண்டு. 1905 அக்டோபர். வங்கத்தைப் பிரித்தான் வெள்ளைக்காரன். மாணவர்கள் சுதேசி பேசினார்கள், அந்நியத் துணிக் கடை முன்னால் மறியல் செய்தார்கள். உடனே வந்தது கார்லைல் சுற்றறிக்கை. மாணவன் அரசியலில் இறங்கினால் அவன் படிக்கும் பள்ளிக்கு அரசு மானியம் நிறுத்தப்படும் என்றது. அன்றைக்கும் அதற்குப் பெயர் ஒழுங்குதான்! ரங்பூரில் பள்ளிப் பிள்ளைகளுக்கு அபராதம் போட்டார்கள். பெற்றோர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? “ஐயா, மன்னித்துவிடுங்கள், பையன் தெரியாமல் செய்துவிட்டான்” என்று வரிசையில் நிற்கவில்லை. அபராதம் கட்ட மறுத்தார்கள். அந்த நவம்பரிலேயே அங்கே ஒரு தேசியப் பள்ளி திறந்தது. கல்கத்தாவில் சுற்றறிக்கையை எதிர்ப்பதற்கென்றே ஒரு சங்கம் முளைத்தது. 1906-ல் தேசியக் கல்விக் கழகம் பிறந்தது. அந்தக் கழகத்தின் வழி வந்ததுதான் 1955-ல் பல்கலைக்கழகமான ஜாதவ்பூர். ஒரு நடத்தை விதியை மீறியவர்களின் வாரிசாக வந்த பல்கலைக்கழகம் அது!

1916-ல் பிரசிடென்சி கல்லூரி. பேராசிரியர் ஓட்டன் தாக்கப்பட்ட விவகாரத்தில் சுபாஷ் சந்திர போஸை வெளியேற்றினார்கள். ஆசிரியரை அடித்தது சரி என்று நான் வாதாடப் போவதில்லை. ஆனால் அந்த மாணவனுக்கு மறுபடி ஒரு கதவு திறந்தது. அடுத்த ஆண்டே ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரியில் சேர்ந்தார். தண்டித்த பிறகும் ஒருவனைப் படிக்க விடுகிற அளவுக்காவது அன்றைய கல்கத்தா இருந்தது. இன்றைக்குச் சில நிறுவனங்கள் அசல் சான்றிதழைப் பூட்டி வைத்துக்கொண்டு, வேறெங்கும் போக முடியாமல் பிள்ளையைப் பிடித்து வைக்கின்றன. அசல் சான்றிதழைக் கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது என்று 2018-லேயே பல்கலைக்கழக மானியக் குழு சொல்லிவிட்டது. கேட்டுப் பாருங்கள், “அது எங்கள் நடைமுறை” என்பார்கள். சட்டத்துக்கு மேலே ஒரு நடைமுறையா?

நம் ஊர் மட்டும் சளைத்ததா? 2015 மே மாதம் சென்னை ஐஐடியில் அம்பேத்கர் - பெரியார் வாசகர் வட்டத்தின் அங்கீகாரம் போயிற்று. பெயர் போடாத ஒரு கடிதத்தில் தொடங்கியது அந்த விவகாரம். எங்கள் தரப்பைக் கேட்கவே இல்லை என்றார்கள் மாணவர்கள். நாடு முழுவதும் சத்தம் எழுந்தது. ஜூனில் அங்கீகாரம் திரும்பி வந்தது. முதலிலேயே கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டிருந்தால் அந்த அவமானம் தவிர்ந்திருக்கும்.

கேட்டு வாங்கிய கதையும் இந்தக் கல்கத்தாவில் உண்டு. பிரசிடென்சியில் படித்த ஒரு கணித மாணவர், என் விடைத்தாளைக் காட்டு என்று கல்கத்தா பல்கலைக்கழகத்திடம் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டார். மறுத்தார்கள். நீதிமன்றம் போனார். 2008-ல் கல்கத்தா உயர்நீதிமன்ற நீதிபதி சஞ்சீப் பானர்ஜி, காட்டத்தான் வேண்டும் என்று தீர்ப்பளித்தார். பின்னாளில் சென்னைக்குத் தலைமை நீதிபதியாக வந்தாரே, அவரேதான். 2011-ல் உச்சநீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. இன்று கன்னியாகுமரியில் ஒரு மாணவி தன் விடைத்தாளைப் பார்க்கிறாள் என்றால், அந்த வழியைத் திறந்துவிட்டதில் இந்தக் கல்கத்தாப் பையனுக்கும் பங்கு உண்டு. ஒரு பஸ்ஸைக் கொளுத்தவில்லை, ஒரு கண்ணாடியை உடைக்கவில்லை. ஒரு மனு!

கை தட்டுகிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள், இனிமேல் சொல்வதற்குத் தட்ட மாட்டீர்கள்.

2014 செப்டம்பரில் ஜாதவ்பூர். ஒரு மாணவிக்கு நடந்த பாலியல் கொடுமைக்கு நியாயமான விசாரணை கேட்டு உட்கார்ந்தார்கள். துணைவேந்தர் நள்ளிரவில் போலீசை அழைத்தார். “ஹோக் கலரவ்”, ஆரவாரம் எழட்டும் என்று கல்கத்தாவே குரல் எழுப்பியது. மறு ஜனவரியில் துணைவேந்தர் பதவி விலகினார். பெருமைதான். ஆனால் அதே ஜாதவ்பூரில், 2023 ஆகஸ்டு 9 இரவு, வந்து சில நாளே ஆன முதலாண்டுப் பையன் ஒருவன் விடுதி மாடியிலிருந்து விழுந்து இறந்தான். ராகிங். கைதானவர்களில் படிப்பு முடிந்தும் விடுதியை விட்டுப் போகாத முன்னாள் மாணவரும் இருந்தார். போலீசை எதிர்த்துக் குரல் கொடுக்கத் தெரிந்த வளாகத்தில், பக்கத்து அறைக் கதவைத் தட்ட அன்று ஆள் இல்லை!

விதி இல்லாமலா? மானியக் குழுவின் ராகிங் தடை விதி 2009-லேயே இருக்கிறது. முதலாண்டு மாணவர்களைத் தனியே தங்க வை, புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் பதிவு செய் என்கிறது. இந்த வங்கத்துக்கு 2000-லேயே தனிச் சட்டம் உண்டு. அதற்கும் முன்னால் நம் தமிழ்நாடு. 1996 நவம்பரில் சிதம்பரத்தில் நாவரசு என்ற மருத்துவ மாணவனை ஒரு சீனியர் கொன்றான். அடுத்த ஆண்டே தடைச் சட்டம் வந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குப் பிள்ளையை அனுப்பிய எந்தத் தாய் அந்தப் பெயரை மறந்திருப்பாள்? சட்டம் இருந்தும் சாவு நிற்கவில்லை என்றால், காரணம் இதுதான்: நிர்வாகம் விதியை மாணவன் மேல் மட்டும் பார்க்கிறது, மாணவன் விதியை நிர்வாகத்தின் மேல் மட்டும் பார்க்கிறான். மாணவர்களே, சீனியரைக் காட்டிக் கொடுப்பது துரோகம் என்று எவனாவது சொன்னால் நம்பாதீர்கள். வாய் மூடி நிற்பதுதான் துரோகம்.

மாணவர் சங்கம் இதைக் கேட்டிருக்க வேண்டாமா என்பீர்கள். சங்கம் எங்கே ஐயா இருக்கிறது? 2006-ல் லிங்டோ குழு ஆண்டுதோறும் தேர்தல் நடத்தச் சொன்னது. வேட்பாளருக்கு 75 சதவீத வருகை, செலவு 5,000 ரூபாய்க்குள் என்று வரம்பும் போட்டது. உச்சநீதிமன்றமே நிறைவேற்றச் சொன்னது. மேற்கு வங்கத்தில் பெரும்பாலான கல்லூரிகள் 2017-க்குப் பிறகு தேர்தலையே பார்க்கவில்லை. தேர்தல் இல்லை, ஆனால் யூனியன் ரூம் மட்டும் இருந்தது! 2025 ஜூனில் தெற்குக் கல்கத்தா சட்டக் கல்லூரிக்குள்ளேயே ஒரு மாணவி கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானதாகப் புகார். முக்கியக் குற்றவாளியாகச் சொல்லப்பட்டவர் அங்கே படித்து முடித்து, அங்கேயே தற்காலிக ஊழியராக இருந்தவர். அதன் பிறகுதான், தேர்தல் நடக்காத இடங்களில் யூனியன் அறைகளைப் பூட்டு என்று உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. பூட்டியது சரி. தேர்தல் எங்கே? ஓட்டு வாங்காத தாதாவையும் ஓட்டுக்குப் பயந்த அரசையும் ஒரே அறையில் வளர்த்துவிட்டு, ஒழுங்கு கெட்டது மாணவனால் என்கிறார்கள். ஒப்ப மாட்டேன்.

பெற்றோர்களே, உங்களிடம் கேட்பது அதிகம் இல்லை. மானியக் குழுவின் 2023 விதிப்படி ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர் குழு இருக்க வேண்டும். புகார் வந்து 15 வேலை நாளுக்குள் அது அறிக்கை தர வேண்டும். முடிவு பிடிக்கவில்லை என்றால் மேல்முறையீட்டுக்கு ஒரு குறைதீர்ப்பாளர் இருக்க வேண்டும். நாளைக்குக் காலை கல்லூரி அலுவலகத்துக்குப் போங்கள். அந்தக் குழுவில் யார் யார், அந்தக் குறைதீர்ப்பாளர் பெயர் என்ன, தேர்தல் எப்போது என்று எழுத்தில் கேளுங்கள். கேட்ட மனுவின் நகலில் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டு வாருங்கள். இந்த முறை அவர்கள் கையெழுத்துப் போடட்டும்.