ஐயரவர்கள் திரும்பிப் பார்த்த வாழ்வு

(படவேட்டில் நடைபெற்ற நம் சங்கத்தின் ஆடித் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற வெள்ளிக்கிழமை ரேணுகாம்பாள் சந்நிதியில் மக்கள் வெள்ளம்போல் திரண்டதை யாவரும் கண்டோம். வரம் வேண்டி வந்தோர் சிலர். வேண்டியது கைகூடியமையால் பொங்கலிட வந்தோர் பலர். சம்புவராயர் இவ்வூரைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட அரசு மறைந்தது. அன்னைக்கு நன்றி செலுத்தும் வழக்கமோ மறைந்திலது. தெய்வத்துக்கு நன்றி கூற நாம் நன்கறிவோம். மனிதர்க்குக் கூறுங்கால் நாணமோ, சோம்பலோ, யாதோ ஒன்று குறுக்கே வந்து நிற்கின்றது.

இதனை எண்ணுங்கால் எம் நினைவில் முதற்கண் தோன்றுபவர் மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்களே. 1855-ஆம் ஆண்டு சூரியமூலையில் தோன்றிய அப்பெரியார், தமது எண்பத்தைந்தாம் பிராயத்தில், 1940-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், 'ஆனந்த விகடன்' பத்திரிகையில் 'என் சரித்திரம்' எழுதலானார். சிந்தாமணி, பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், மணிமேகலை முதலியவற்றை அச்சிட்டு உதவியவர் தம் வரலாறு கூறப் புகின் அதில் தற்பெருமைக்கு இடம் மிகுதியும் உண்டன்றோ? ஆயினும் அந்நூலைக் கற்போர் காண்பது அவர்க்கு உதவினோர் பெருமையையே. தம் சரித்திரத்துக்கு முன்னரே, 1933, 1934-ஆம் ஆண்டுகளில், தம் ஆசிரியராகிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் சரித்திரத்தை இரண்டு பாகங்களாக வெளியிட்டார். இம்முறைவைப்பே எமக்கு மிக்க வியப்பளிப்பது.

அவர்க்கு இடப்பட்ட பெயர் வேங்கடராமன் என்பது. 1871-ஆம் ஆண்டில் மாயூரத்திற் பாடங்கேட்கச் சென்றகாலைப் பிள்ளையவர்கள், வேறு பெயர் உண்டோ என்று வினவினார். சாமிநாதன் என்னும் மற்றொரு பெயரை மாணாக்கர் கூற, ஆசிரியர் அதனையே விரும்பினார். உலகம் இன்றும் அவரை அறிவது ஆசிரியர் விரும்பிய அப்பெயராலேதான்!

1876-ஆம் ஆண்டில் பிள்ளையவர்கள் இறுதி எய்துங்கால் அவரைத் தம் மார்பிற் சார்த்தித் தாங்கியவர் சவேரிநாத பிள்ளை என்னும் கிறிஸ்தவ மாணாக்கர். அருகிருந்து திருவாசகத்தில் அடைக்கலப்பத்தை வாசித்தவர் ஐயரவர்கள். ஆசிரியர் சைவ வேளாளர். அவ்வறையில் எக்குலம் பெரிதென்று கேட்டிருப்பார் எவருமிலர்.

1880-ஆம் ஆண்டில் தியாகராச செட்டியார் ஓய்வுபெறுங்கால், கும்பகோணம் கல்லூரியில் தமது இடத்துக்கு ஐயரவர்களை வருவித்தார். அந்நன்றியை மறவாத ஐயரவர்கள் சென்னைத் திருவல்லிக்கேணியில் தாம் வாழ்ந்த இல்லத்துக்குத் 'தியாகராஜ விலாசம்' என்றே பெயரிட்டார். அவ்வில்லம் 2012-ஆம் ஆண்டில் இடிக்கப்பட்டது. (இதனைக் கூறவும் நாக் கூசுகின்றது.) சரித்திரத்தை முற்றுவிக்குமுன்பே, 1942-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் நாள், அவர் திருக்கழுக்குன்றத்திற் காலமானார். தமக்கு நன்றி செய்தோரை எழுதி முடிக்க அந்த நீண்ட ஆயுளும் போதவில்லை.

நிற்க. எம் செய்தி ஒன்று சொல்லவேண்டும். எம் தந்தையார் இம்மலையடியில் வாழை பயிரிட்டவர். எட்டாம் வகுப்போடு எம் படிப்பை நிறுத்த எண்ணியபோது, எம் தமிழாசிரியர் மூன்று மாலை எங்கள் திண்ணையில் அமர்ந்து அவரோடு வழக்காடினார். அவ்வாசிரியர் நம் குலத்தவரல்லர். யாம் கற்ற நன்னூலும் அவர் கொடுத்த பிரதியே. இச்சங்கம் எமக்கு அளித்த உதவித்தொகைக்குப் பன்முறை மேடையேறி நன்றி கூறியிருக்கின்றோம். அவர்க்கோ, உத்தியோகம் பெற்று இருபது ஆண்டாகியும், ஒரு கடிதமும் எழுதினோமில்லை. போளூர் நமக்குத் தொலைவா? பேருந்தேறினால் சிறிது பொழுதிற் சேரும் வழி.

சென்ற தை மாதத்தில் அந்நன்னூலைத் திருப்பித்தர எண்ணிச் சென்றோம். ஆசிரியர் நான்கு திங்கள் முன்னரே இறைவனடி சேர்ந்திருந்தார். அவர் துணைவியார், "உன்னைப் பற்றி யாராவது கேட்டால், 'பாவம், பிள்ளைக்கு வேலை அதிகம்' என்பார், தம்பி" என்றார். எம்மைக் குறைகூறியிருந்தால் ஒருவாறு தாங்கியிருப்போம். புத்தகத்தையும் அவ்வம்மையார் வாங்கிக்கொள்ளவில்லை. "பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு ஆகும், நீயே வைத்துக்கொள்" என்று கூறிவிட்டார்.

ஆதலின் சங்கத்தார்க்கு எமது விண்ணப்பம் இது: ஆண்டுதோறும் நடைபெறும் கல்விப் பரிசளிப்பில், பரிசு பெறும் மாணவர் ஒவ்வொருவரும் தமக்குக் கற்பித்த ஆசிரியர் ஒருவரை, அவர் எக்குலத்தவராயினும், உடனழைத்துவந்து மேடையில் அமர்த்தல் வேண்டும். குலச் சங்கத்திற் பிறர்க்கு என்ன இடம் என்று சிலர் கேட்கலாம். ரேணுகாம்பாளைக் குலதெய்வமாகக் கொண்டோர் நாம் மட்டுமோ? இவ்வூர் யோகராமர் கோயிலில், வில்லேந்தாது உபதேச முத்திரையோடு பெருமான் வீற்றிருக்க, எதிரே அனுமார் சுவடி படிக்கும் கோலத்தைச் சேவித்தவர்க்கு யாம் மேலும் கூறவேண்டுவதில்லை.

செயற்குழு இசையுமாயின், முதலாண்டில் அவ்வம்மையாரை யாமே போளூர் சென்று அழைத்து வருவோம். வண்டிச் செலவு எம்முடையது.