வாகனத்தின் சூடு காட்டும் சென்சர்



2020இல் தடுக்கப்பட்ட வாகன இறக்குமதி 2025 வரை பெரும்பாலும் மூடியிருந்தமையால், கொழும்புக்கு மரக்கறி ஏற்றும் பழைய வான்கள் பல இன்றும் உழைக்கின்றன. அவற்றில் நீரின் சூட்டை அறிவிக்கும் சென்சர் பழுதானால் பெற்றோல் வீணாகும். அது குழாய்களுக்குப் பின்னே கை எட்டாத இடத்தில் இருப்பதால், கழற்றுமுன் சோதித்தறிதல் வேண்டும்.

இயந்திரம் ஆறியிருக்கையில் சொருகியை நீக்கி, சென்சரின் இரு முனைகளையும் ஓம் மீற்றரால் அளந்து பாருங்கள். பெரும்பாலும் ஏறத்தாழ 2,000 ஓம் காட்டும். சொருகியை மாட்டி இயந்திரத்தைச் சூடேற்றி, நிறுத்தி மீண்டும் அளந்தால், 80 பாகையில் 300 ஓம் அளவுக்கு இறங்குதல் வேண்டும். இறங்கினால் சென்சர் நன்று. கம்பியையும் சொருகியையும் ஆராயுங்கள். இறங்காவிடில், நன்கு ஆறவிட்டு, நீரைச் சிறிது வடித்தபின் கழற்றுங்கள்.

பழையதைக் கொட்டாஞ்சேனைக்குத் தொலைவில்லாத பஞ்சிகாவத்தைக் கடைகளுக்கு எடுத்துச் சென்று, திருகுபுரியும் முனைகளும் ஒத்ததையே வாங்குங்கள். பூட்டியபின் நீர் நிரப்ப மறவாதீர்கள். சோதியாது மாற்றினால் பணமும் போகும். பழுதும் தீராது, வழியில் மரக்கறியும் வாடும்.