எய்தவன் இருக்க அம்பை மட்டும் நோகலாமா?



இன்றைய தலைப்பு ஊக்கமருந்து. இந்தச் சொல்லைக் கேட்டதும் பலருக்கு நினைவு வருபவர் கனடாவின் பென் ஜான்சன். 1988 சியோல் ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 9.79 விநாடியில் ஓடி உலகையே வாய் பிளக்க வைத்தவர், மூன்றே நாளில் தங்கத்தைப் பறிகொடுத்து ஊர் திரும்பினார். இதெல்லாம் எங்கோ வெளிநாட்டில் நடக்கும் கதை, நமக்கென்ன என்று நாம் இருந்துவிடுகிறோம். ஆனால் பினாங்கு மக்கள் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பாலத்தைத் தாண்டி புக்கிட் மெர்தாஜாம் வரை போனால் போதும்.

குளிகையின் உறைக்குள் ஒரு குண்டு

புக்கிட் மெர்தாஜாமில் வளர்ந்து, பூப்பந்தில் உலகின் முதல்நிலை ஆட்டக்காரராக உயர்ந்தவர் டத்தோ லீ சோங் வெய். 2014 ஆகஸ்ட் 30ஆம் தேதி, டென்மார்க்கின் கோப்பன்ஹேகனில் நடந்த உலக வெற்றியாளர் போட்டியின்போது அவருடைய சிறுநீர் மாதிரி எடுக்கப்பட்டது. அதில் டெக்சாமெத்தசோன் என்ற மருந்து இருந்தது. நவம்பரில் நார்வேயின் ஆஸ்லோ நகரில் இரண்டாவது புட்டியையும் திறந்து பார்த்தார்கள். அதிலும் அதே மருந்து.

டெக்சாமெத்தசோன் தசையை முறுக்கேற்றும் மருந்தன்று. வீக்கத்தையும் வலியையும் குறைக்க மருத்துவர்கள் சாதாரணமாகத் தருவதுதான். போட்டி இல்லாத காலத்தில் விளையாட்டாளர் அதை எடுத்துக்கொள்ளத் தடையில்லை. போட்டி நாளில் உடம்பில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். அப்படியானால் அது எங்கிருந்து வந்தது? கார்டிசெப்ஸ் என்னும் சீன மூலிகைக் காளான் குளிகையின் உறையில் அந்த மருந்து கலந்திருந்தது என்பதை விசாரணைக் குழு ஏற்றுக்கொண்டது. ஏமாற்றும் நோக்கம் அவருக்கு இல்லை என்றும் சொன்னது. சொல்லிவிட்டு, எட்டு மாதத் தடை விதித்தது. உலக வெற்றியாளர் போட்டியின் வெள்ளிப் பதக்கத்தையும் பறித்தது. முன்தேதியிட்டு விதிக்கப்பட்ட அந்தத் தடை 2015 ஏப்ரல் 30ஆம் தேதி முடிந்தது.

நாட்டின் தலைசிறந்த வீரர் அவர். சுற்றிலும் மருத்துவர், பயிற்றுநர், சங்கம் என்று எத்தனையோ பேர். அவருக்கே இந்தக் கதி என்றால், பள்ளித் திடலில் ஓடிப் பழகும் பதினான்கு வயதுப் பிள்ளையின் நிலை என்ன?

ஏன் இவ்வளவு கடுமை?

வேண்டுமென்று செய்யவில்லை என்று தெரிந்த பிறகும் தண்டிப்பது நியாயமா என்று கேட்கலாம். நல்ல கேள்விதான்.

ஊக்கமருந்துச் சட்டத்தின் அடிப்படை இது: உன் உடம்புக்குள் இருப்பதற்கு நீயே பொறுப்பு. எப்படி வந்தது, யார் கொடுத்தார் என்பது தண்டனையைக் கூட்டவோ குறைக்கவோ உதவும். குற்றமே இல்லை என்று ஆக்கிவிடாது. இந்த விதி இல்லாவிட்டால், பிடிபடுகிற ஒவ்வொருவரும் 'யாரோ கலந்து கொடுத்துவிட்டார்கள்' என்று சொல்லித் தப்பிவிடுவார்கள். அப்போது நேர்மையாக ஓடியவரின் கதி என்ன?

ஆஸ்திரேலியாவின் ஜாரெட் டாலன்ட்டைக் கேட்டால் தெரியும். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 50 கிலோமீட்டர் நடைப் போட்டியில் அவருக்கு வெள்ளி. முதலிடம் பெற்ற ரஷ்யரின் ரத்த அளவுகளை ஆண்டுக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்த்து, அவர் மோசடி செய்தார் என்று முடிவாகி, தங்கம் டாலன்ட் கைக்கு வந்தபோது ஆண்டு 2016. நான்கு ஆண்டு தாமதம். நாட்டுப்பண் ஒலிக்க ஒலிம்பிக் மேடையில் நின்றிருக்க வேண்டிய அந்த ஒரு நிமிடத்தை யார் திருப்பிக் கொடுப்பது? ஆகவே கடுமை வேண்டும். அந்தக் கடுமை யார் மீது மட்டும் விழுகிறது என்பதைத்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

மெலியும் மருந்தும் மூலிகையும்

2014 இஞ்சோன் ஆசிய விளையாட்டுப் போட்டியில் மலேசியாவின் தாய் சியாவ் சுவென் வென்ற வூஷு தங்கம் பறிக்கப்பட்டது. 2017 கோலாலம்பூர் சீ விளையாட்டுப் போட்டியில் முக்குளிப்பு வீராங்கனை வெண்டி இங் தங்கத்தை இழந்தார். இருவர் இணைந்து குதிக்கும் பிரிவிலும் தங்கம் போனதால், எந்தத் தவறும் செய்யாத இணையரும் பதக்கமின்றி நின்றார். இரு சம்பவங்களிலும் சிக்கிய மருந்து ஒன்றே: சிபுட்ராமின்.

சிபுட்ராமின் பசியை அடக்கி உடல் எடையைக் குறைக்கும் மருந்து. இதயத்துக்கு ஆபத்து என்று 2010இல் பல நாடுகள் விற்பனையிலிருந்தே அகற்றின. ஆனாலும் அது ஒழியவில்லை. மெலிய வைக்கும் காப்பி, குளிகை என்று விற்கப்படும் பொருள்களில் அது கலந்திருப்பதை நம் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. பொட்டலத்தின் மேல் 'நூறு விழுக்காடு இயற்கை' என்று இருக்கும். உள்ளே இருப்பது தடை செய்யப்பட்ட மருந்து.

மூலிகை என்றால் தீங்கில்லை என்ற நம்பிக்கை நம்மவர்களிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. இலங்கை கிரிக்கெட் வீரர் உபுல் தரங்க தோள் வலிக்கு மூலிகை மருந்து சாப்பிட்டார். 2011 உலகக் கிண்ணப் போட்டியின்போது எடுத்த மாதிரியில் பிரெட்னிசோலோன் இருந்தது. மூன்று மாதத் தடை.

அதே 2011இல் இந்தியாவின் 400 மீட்டர் ஓட்டக்காரிகள் ஆறு பேர் ஸ்டீராய்டு சோதனையில் சிக்கினார்கள். அவர்களில் மூவர் அதற்கு முந்தைய ஆண்டுதான் டெல்லி காமன்வெல்த் போட்டியில் தொடர் ஓட்டத் தங்கம் வென்றவர்கள். சீனாவில் வாங்கிய ஜின்செங் குளிகையைப் பயிற்சியாளர் கொடுத்தார், சாப்பிட்டோம் என்றார்கள். முதலில் ஓராண்டுத் தடை. மேல்முறையீட்டில் 2012 ஜூலையில் அனைத்துலக விளையாட்டு நடுவர் மன்றம் அதை இரண்டு ஆண்டாக்கியது. உக்ரேன் நாட்டுப் பயிற்சியாளர் வேலையை இழந்தார். ஓட்டக்காரிகளோ, ஓடும் வயதில் இரண்டு ஆண்டுகளையும் நல்ல பெயரையும் இழந்தார்கள்.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள் நம் பெரியவர்கள். ஊக்கமருந்து விவகாரத்தில் பெரும்பாலும் அம்புதான் முறிக்கப்படுகிறது.

சோதிப்பவருக்கும் கடமை உண்டு

சோதனைக்கு அழைக்கப்பட்ட விளையாட்டாளரின் சிறுநீரை அதிகாரியின் கண்முன்னே எடுத்து, ஏ, பி என்று இரண்டு புட்டிகளில் ஊற்றி முத்திரையிடுவார்கள். புட்டியில் பெயர் இருக்காது, எண் மட்டுமே இருக்கும். ஏ புட்டியில் மருந்து தென்பட்டால், பி புட்டியைத் தன் முன்னிலையில் திறக்கும்படி கேட்பது விளையாட்டாளரின் உரிமை. ஒவ்வொரு பெற்றோரும் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

ஏனென்றால் ஆய்வுக்கூடமும் தவறலாம். இலங்கையின் குசல் பெரேரா 2015 டிசம்பரில் நியூசிலாந்துப் பயணத்திலிருந்து பாதியில் திருப்பி அனுப்பப்பட்டார். கத்தார் ஆய்வுக்கூடத்தின் அறிக்கை அவர் மீது ஸ்டீராய்டுப் பழி போட்டது. அவர் போராடினார். அந்த முடிவு நிற்காது என்று ஒப்புக்கொண்டு, 2016 மே மாதம் அனைத்துலக கிரிக்கெட் மன்றம் குற்றச்சாட்டைத் திரும்பப் பெற்றது. உலகக் கிண்ண டி20 போட்டி அதற்குள் முடிந்திருந்தது.

தாமதமும் ஒரு குற்றமே. திருச்சி அருகே முடிகண்டம் கிராமத்து கோமதி மாரிமுத்து 2019 ஏப்ரலில் தோஹாவில் ஆசிய 800 மீட்டர் தங்கம் வென்றபோது தமிழுலகமே கொண்டாடியது. ஆனால் அதற்கு முந்தைய மாதமே பட்டியாலாவில் அவரிடம் மாதிரி எடுத்திருந்தார்கள். நான்ட்ரோலோன் என்ற ஸ்டீராய்டு அதில் இருந்த செய்தி மே மாதம்தான் வெளியே வந்தது. அவர் குற்றச்சாட்டை மறுத்தார். நான்கு ஆண்டுத் தடையும் பதக்கப் பறிப்பும் வந்தன. முடிவு உரிய நேரத்தில் வந்திருந்தால் அவர் தோஹாவுக்கே போயிருக்க மாட்டார். இரண்டாவதாக வந்த சீன வீராங்கனை அன்றைக்கே தங்கத்தோடு நின்றிருப்பார்.

இங்கே பினாங்குக்கும் ஒரு வரலாறு உண்டு. சுங்கை பினாங்கிலிருந்து தெற்கே ஜெலுத்தோங்கைத் தாண்டினால் வரும் மிண்டனில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் ஊக்கமருந்துச் சோதனை மையம் இயங்கியது. 1998 கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியின் மாதிரிகளைச் சோதித்த இடம் அது. அனைத்துலக அங்கீகாரம் பெற்றிருந்த அந்த மையம் பின்னர் அதை இழந்தது. நம் பிள்ளைகளின் புட்டிகள் இப்போது கடல் கடந்து போகின்றன.

கொடுத்தவரை விடலாமா?

உலக ஊக்கமருந்துத் தடுப்புச் சட்டத்தில் கொடுத்தவருக்கும் தண்டனை இருக்கிறது. விற்றவர், ஊசி போட்டவர் என்றால் குறைந்தது நான்கு ஆண்டு. ஆயுள் தடை வரை போகலாம். சிறுவயதினருக்குக் கொடுத்த பயிற்றுநருக்கு ஆயுள் தடையே. 2019இல் அமெரிக்காவின் புகழ்பெற்ற ஓட்டப் பயிற்சியாளர் ஆல்பர்ட்டோ சலசாருக்கு நான்கு ஆண்டுத் தடை விதித்தார்கள். ஆனால் இப்படிப்பட்ட வழக்குகள் அபூர்வம். காரணம் எளிது. விழுங்கியவருக்கு எதிராகப் புட்டி சாட்சி சொல்கிறது. கொடுத்தவருக்கு எதிராக மனிதர்தான் சாட்சி சொல்ல வேண்டும். பயிற்றுநரைக் காட்டிக்கொடுக்க எந்தப் பிள்ளைக்குத் துணிச்சல் வரும்? உண்மையைச் சொல்லி மற்றவரைப் பிடிக்க உதவினால் தண்டனை குறையும் என்ற விதியும் உண்டு. அதை நம் பிள்ளைகளிடம் யாராவது சொல்லியிருக்கிறோமா?

வீட்டிலேயே தொடங்கலாம்

தடுப்பு என்பது ஆய்வுக்கூடத்தில் தொடங்குவதில்லை. சமையலறை அலமாரியில் தொடங்குகிறது. பிள்ளை எதை விழுங்குகிறது, அதைக் கொடுத்தது யார் என்று பெற்றோர் கேட்க வேண்டும். சளி, இருமலுக்கு மருத்துவரிடம் போனால், 'இவன் போட்டிகளில் கலந்துகொள்கிறான்' என்று முதலில் சொல்லிவிடுங்கள். சூடோஎபெட்ரின் உள்ள சாதாரணச் சளி மாத்திரையும் போட்டி நாளில் அளவு மீறினால் குற்றமாகிவிடும். நோய்க்கு வேறு மருந்தே இல்லை என்றால் முன்கூட்டியே விண்ணப்பித்து விலக்குப் பெறவும் வழி இருக்கிறது.

பொட்டலத்தில் மால் என்று தொடங்கும் பதிவு எண்ணும் மினுமினுக்கும் பாதுகாப்பு வில்லையும் இல்லையென்றால் அதைத் தொடாதீர்கள். அவை இருந்தாலும், அரசாங்கம் விற்க அனுமதித்த மருந்து என்றுதான் பொருள். விளையாட்டாளருக்குத் தடையில்லாத மருந்து என்று பொருளல்ல. தடைப்பட்டியல் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி முதல் தேதி புதிதாக நடப்புக்கு வருகிறது. சந்தேகம் வந்தால் அடாமாஸ் எனப்படும் மலேசிய ஊக்கமருந்துத் தடுப்பு நிறுவனத்தைக் கேளுங்கள். சுக்மாவிலும் சோதனை உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

பயிற்றுநர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் கையால் ஒரு குளிகை கொடுத்தால், அதன் பெயரையும் தேதியையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் கையொப்பமிடுங்கள். எழுதத் தயங்கும் எதையும் கொடுக்காதீர்கள். பள்ளிகளும் சங்கங்களும் இதை வழக்கமாக்கினால் செலவு இரண்டு ரிங்கிட்தான். கேள்வி என்று வரும் நாளில் அந்த நோட்டுப் புத்தகமும் புட்டியோடு சேர்ந்து சாட்சி சொல்லும். பிள்ளை தனியாக நிற்க வேண்டியிருக்காது.