அம்பாவும் இசைத்தட்டும்



பேசாலையிலிருந்து தலைமன்னார் வரை நீண்டு கிடக்கும் மணற்கரையிலும், பெருநிலத்தின் வங்காலை, அரிப்பு, சிலாபத்துறைக் கரைகளிலும் கடற்றொழிலாளர் தலைமுறை தலைமுறையாகப் பாடிவந்த தொழிற்பாட்டுக்கு அம்பா என்று பெயர். தோணியிலே சென்று வளைத்துவிட்ட கரைவலையின் இரு கயிறுகளையும் இரு அணியினர் கரையில் நின்று இழுப்பர். ஒருவர் அடி எடுத்துக் கொடுப்பார்; மற்றையோர் 'ஏலேலோ' என்று ஏற்பர். அந்த ஒலி விழும் இடத்திலேதான் குதிகால் மணலில் ஊன்றும், கயிறு நகரும். ஏலேலசிங்கன் என்ற வணிகனின் பெயரே இவ்வொலியாயிற்று என்பாரும் உளர். சுவையான கதை, சான்றுதான் இல்லை.

வலை தொலைவில் இருக்கையில் பாட்டு ஆறுதலாக நடக்கும். மாதாவையும் அந்தோனியாரையும் துணைக்கு அழைப்பதும், காதலியை நினைப்பதும், உடன் இழுப்பவனை நையாண்டி செய்வதும் அப்பொழுதுதான். மடி கரையை அணுக அணுகச் சொற்கள் குறையும்; ஈற்றில் மூச்சும் ஒலியுமே எஞ்சும். ஏட்டிலே எழுதிப் படிப்பவருக்கு இது வெறுஞ் சொல்லடுக்காகத் தோன்றும். ஆனால் அம்பாவின் உயிர் நிற்பது அவ்விடத்திலேதான்.

இங்கிலாந்திலே நோர்போக் பகுதியில் வின்டர்ட்டன் என்ற ஊரில் 1878ஆம் ஆண்டு பிறந்தவர் சாம் லார்னர். சிறு வயதிலேயே மீன்பிடி கப்பலேறியவர். எண்பது வயதை எட்டிய அக்கிழவரின் பாட்டை இவான் மக்கோல், பெகி சீகர் என்னும் இருவர் ஒலிப்பதிவு செய்தனர். 'இதுவே மீன்பிடிக்கும் காலம்' என்று பொருள்படும் பெயருடன் 1961இல் போக்வேஸ் நிறுவனம் அதனை இசைத்தட்டாக வெளியிட்டது. பக்கவாத்தியம் ஏதுமில்லை. பாட்டுக்கு நடுவே அவர் தம் தொழிலைப் பற்றிப் பேசுகிறார். அந்தப் பேச்சை வெட்டியெறியாமல் விட்டதே பதிவு செய்தோரின் பெருந்தகைமை. பாட்டு எந்த வாழ்விலிருந்து எழுந்தது என்பதைக் கேட்பவர் உடனே உணர்கின்றார்.

எனினும் லார்னர் தனியே நின்று பாடலாம். அம்பாவைத் தனியொருவர் பாடினால் அது அரைப்பாட்டு.

மன்னார்க் கலைகளைப் பேணுவதற்கு முயற்சிகள் நடவாமல் இல்லை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 'என்றிக் எம்பரதோர்' நாடகத்தை 1964இலும், 'மூவிராசாக்கள்' நாடகத்தை 1966இலும், 'ஞானசௌந்தரி' நாடகத்தை 1967இலும் பதிப்பித்தார். அத்தொண்டு இல்லையேல் அவற்றின் சொற்களும் ஏட்டுச்சுவடிகளோடு அழிந்திருக்கலாம். ஆயினும் அச்சு, சொல்லையே காக்கும். மெட்டு அண்ணாவியாரின் தொண்டையிலே இருக்கிறது. கூத்துக்காவது ஏடு உண்டு. அம்பாவுக்கு அதுவும் இல்லை.

பாய்மரத்தின் இடத்தை இயந்திரம் பிடித்தது. கயிற்றை இழுக்க உழவு இயந்திரத்தில் பூட்டிய வின்ச் பல கரைகளுக்கும் வந்தது. இயந்திரத்துக்குத் தாளம் வேண்டியதில்லை. கூலிச் சுமை குறைந்ததை யாரும் குறை சொல்லலாகாது. நண்பகல் வெயிலில் வலை இழுத்தவர்க்கே அதன் அருமை தெரியும். இதற்கிடையே போரும் வந்தது. 1990இல் வடபுலத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். தமிழ்க் கிராமங்களும் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தன. ஒரே கயிற்றைப் பிடித்த கைகள் சிதறிய பின்னர், அடியெடுத்துக் கொடுப்பவர் இருந்தாலும் ஏற்பவர் எங்கே?

ஆகையால் இன்று அம்பாவைப் பதிவு செய்யப் புகுவோர், ஒரு முதியவரை நிலையத்துக்கு அழைத்து ஆர்மோனியத்தின் முன் அமர்த்துதல் தகாது. பத்துப் பேரையாவது கரையிலே கூட்டிக் கையிலே கயிற்றைக் கொடுக்க வேண்டும். இரு அணிக்கும் இரு ஒலிவாங்கிகள் வேண்டும். மடி கரையேறியதும் கருவியை நிறுத்திவிடவும் கூடாது. மீனைப் பங்கிடும்போது எழும் வழக்கையும், 'அந்த அடியை நீ பிழையாய் எடுத்தாய்' என்று ஒருவரை ஒருவர் திருத்தும் பேச்சையும் சேர்த்தே பதிய வேண்டும்.